மஞ்சள் படாத குழம்பு

இன்று காலை வேல்விழி தன் டீயைச் சாக்கடையில் ஊற்றுவதை மாமியார் மாரித்தாய் பார்த்துவிட்டாள்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, தான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீசுக்கு விறுவிறுவென்று கிளம்பிவிட்டாள்.

எல்லாம் பல்லில் மாட்டியிருந்த கிளிப்பால் வந்த வினை. சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தூக்கின பல். சிரிக்கும்போதெல்லாம் கை தானாக வாயை மூடிக்கொள்ளும். கல்யாணமும் ஆகி, இருபத்தெட்டு வயதில், சிவகாசி அச்சகத்தில் பில் போடும் வேலையில் சேர்த்து வைத்ததைக் கொண்டு மதுரைக்குப் போய்க் கிளிப் போட்டுக்கொண்டாள். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டுமென்று பல் நிறத்திலேயே வெள்ளைக் கிளிப்.

"கிளிப்பு சட்டுன்னு கறை பிடிக்காதும்மா. அதுமேல மாட்டியிருக்கிற குட்டி ரப்பர் வளையம்தான் பிடிக்கும். டீ, காபி, பீட்ரூட்டு, எல்லாத்தையும்விட மஞ்சள். ஏறிட்டா அடுத்த மாசம் ரப்பர் மாத்துற வரைக்கும் போகாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து தனக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டியில் மஞ்சள் போடாமல் குழம்பு வைத்தாள். எதைத் தின்றாலும் உடனே வாயைக் கொப்பளித்துவிட்டு, பிரஷ்ஷும் கண்ணாடியுமாக வாசல் வெளிச்சத்துக்கு வந்துவிடுவாள்.

மாரித்தாய்க்கு அது பொறுக்கவில்லை.

"மஞ்சள் படாத குழம்பு சாவு விழுந்த துட்டி வீட்டுலதான் வைப்பாக. மருந்து கலக்குறவன் இருக்குற வீடு இது. நெனப்பிருக்கட்டும்."

வேல்விழியின் கணவன் காளீஸ்வரனுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. மாமியார் சொன்னதை அவளால் நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. சாயங்காலம் அவன் சைக்கிள் சத்தம் கேட்கும்வரை தெருவையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன வாரம் அம்மன் கோயில் பொங்கலில், ஊரே பார்க்க, அவள் இலையில் மாரித்தாய் தன் கையாலேயே சாம்பாரை ஊற்றினாள். ஊற்றிவிட்டு எதிரிலேயே நின்றாள். வேல்விழி பிசைந்து தின்றாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ரப்பரெல்லாம் மஞ்சள். தேய்த்துத் தேய்த்து ஈறில் ரத்தம் வந்ததுதான் மிச்சம். அழுதுகொண்டே திரும்பினால் பின்னால் மாரித்தாய் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அன்றோடு மாரித்தாய் அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

இன்று அச்சகத்துக்குக் கரண்ட் இல்லையென்று லீவு. மதியம் வேல்விழி துணி அலசிக்கொண்டிருந்தபோது காலடியில் தரை ஒரு தரம் அதிர்ந்தது. பிறகுதான் சத்தம் வந்தது.

காளீஸ்வரனின் கம்பெனி இருக்கும் திக்கில் வெள்ளையாகப் புகை எழும்பியது.

கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அவன் போன் வீட்டு அலமாரியில்தான் கிடந்தது. தெருவில் பொம்பளைகள் தலைதெறிக்க ஓடினார்கள்.

"மருந்து ரூமுதானாம்" என்று கத்திக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டுக்காரி, இவளைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். "மாரித்தாய் அப்பவே சொன்னா. மஞ்சளத் தொடாத வீடு எப்படி வெளங்கும்?"

வேல்விழி அடுப்படிக்குள் பாய்ந்தாள். மஞ்சள்பொடி டப்பாவுக்குள் கையை விட்டு அள்ளி வாயில் அடைத்துக்கொண்டாள். கசந்தது, புரையேறியது, விடவில்லை. பல், ஈறு, கிளிப் எல்லாவற்றிலும் அப்பினாள். அவர் உயிரோடு வந்தால் போதும், இந்தக் கிளிப்பையே பிடுங்கிப் போட்டுவிடுகிறேன் தாயே என்று அம்மனிடம் கெஞ்சிக்கொண்டே ஓடினாள்.

கம்பெனி வாசலில் யாரையும் உள்ளே விடவில்லை. வாழை இலையில் சுற்றி ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முகம் தெரியவில்லை. போர்மேன் கண்ணுச்சாமியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். மருந்து ரூம் இருந்த இடமே இல்லை, உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை என்று அவர் கையை விரித்தார்.

அப்போதுதான் மாரித்தாய் வருவது தெரிந்தது. முடி அவிழ்ந்து, முந்தானை மண்ணில் புரள, கரிசல் காட்டுக்குக் குறுக்கே ஓடி வந்துகொண்டிருந்தாள்.

வேல்விழி இரண்டடி பின்வாங்கினாள். இத்தனை பேர் முன்னால் என் மகனைத் தின்னுட்டியே என்று கேட்கப்போகிறாள். கேட்டால் என்ன சொல்வது?

மாரித்தாய் நேராக வந்து அவள் தோளைப் பிடித்தாள். கூட்டத்தை விட்டுக் கருவேல மரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அடிக்கத்தான் இழுக்கிறாள் என்று நினைத்தாள் வேல்விழி.

"அத்தை, நான்தான் எல்லாத்துக்கும்..."

மாரித்தாய் அவள் வாயைப் பொத்தினாள். வாசலில் மாரில் அடித்துக்கொண்டிருந்த பொம்பளைகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் காதில் விழுந்துவிடாதபடி வேல்விழியின் காதோரம் குனிந்தாள்.

"அவன் உள்ள இல்ல. அத ஒங்கிட்டச் சொல்லத்தான் ஓடியாந்தேன். காலையில தெருமுக்குல மறிச்சு மதுரைக்கு பஸ் ஏத்திவிட்டுட்டேன்."

வேல்விழி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மதுரைக்கா? எதுக்கு அத்தை?"

மாரித்தாய் முந்தானையை எடுத்து அவள் உதட்டிலும் பல்லிலும் இருந்த மஞ்சளைத் துடைத்தாள்.

"கம்பி இடுக்குல விட்டுத் தேய்க்க ஒரு சின்ன பிரஷ்ஷு அங்கன கெடைக்குதாம். நான் ஊத்துன சாம்பாருதான தாயி ஒம் பல்லக் கெடுத்துச்சு."