மூன்று அடி காணாது

"பேரைச் சொல்லு!"

பூசாரியின் பிரம்பு அந்தப் பெண்ணின் முதுகில் இறங்கியது. கிருஷிகா கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது அடியிலேயே பெண்ணுக்குள் இருந்த பேய் தன் பேரையும் ஊரையும் ஒப்பித்துவிட்டு அழுதது.

"இந்தப் படத்தையும் காசு குடுத்துப் பாத்திருக்கினம்," என்று டிவிக்கு முன்னால் கதிரையில் சாய்ந்திருந்த அண்ணன் கீர்த்தனன் சிரித்தான். பேயின் முகத்தில் பூசிய மா வியர்வையில் வழிவதையும், அம்மன் அனுப்பிய நாகம் தண்ணீர்க் குழாய்போல நெளிவதையும் தங்கைக்குக் காட்டினான். தாய் அன்னப்பிள்ளைக்கு இந்தக் குறையெல்லாம் கண்ணில் படவில்லை. திரையில் அம்மன் வந்ததும் எழுந்து நின்று கும்பிட்டாள்.

மாப்பிள்ளை பேசத் தொடங்கியதிலிருந்து மகள் சாப்பிடுவதில்லை, தனியே இருந்து அழுகிறாள். திருக்கேதீஸ்வரம் போய்வந்த வழியில் ஏதோ பிடித்துக்கொண்டது என்று அன்னப்பிள்ளை முடிவுகட்டிவிட்டாள். நாளைக்கு முருங்கன் பக்கத்தில் ஒரு பூசாரியிடம் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

தன்னைப் பிடித்த பேயின் பேர் றிஷாட் என்பது கிருஷிகாவுக்கு மட்டும்தான் தெரியும். அது அண்ணனின் காதில் விழுந்தால் உப்புக்குளத்தில் அவன் வீட்டு வாசலில் என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

"இந்தக் கட்டம் பொய்," என்றாள் கீர்த்தனனின் மனைவி அபிசா. அந்தப் புழுக்கத்திலும் வழக்கம்போலக் கழுத்துவரை மூடிய சட்டைதான் போட்டிருந்தாள். "மூண்டு அடிக்கு ஒருத்தரும் பேர் சொல்லமாட்டினம். காணாது."

"படம் எடுத்தவனுக்கு நீர்தான் போய்ச் சொல்லிக் குடுக்கவேணும்," என்று கீர்த்தனன் சீண்டினான்.

அன்னப்பிள்ளைக்கு மருமகளின் பேச்சு பிடித்துப்போனது. மூன்று அடி போதாதுதான், நாளைக்குப் பூசாரியிடம் கை தளராமல் அடிக்கச் சொல்லவேண்டும் என்றாள்.

இந்த வீட்டில் தனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று கிருஷிகா நம்பியிருந்த ஒரே ஆள் மச்சாள் அபிசாதான்.

தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவ அபிசா குசினிக்குப் போனாள். கிருஷிகா பின்னாலேயே போய் வாசலை மறித்தாள்.

"நான் உங்களுக்கு என்ன செய்தனான் மச்சாள்? அடி காணாது எண்டு ஏன் எடுத்துக் குடுத்தனீங்கள்?"

அபிசா குழாயை நன்றாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் கூடத்துப் பேச்சை மூடும்வரை பொறுத்திருந்தாள்.

"அவைக்குச் சொல்லேல்லை, உனக்குத்தான் சொன்னனான். மூண்டோட விடமாட்டினம்."

கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"கலியாணத்துக்கு முந்தி எனக்கு அடிச்ச பிரம்பே முறிஞ்சது. நான் பேர் சொல்லேல்லை. அந்தப் பெடியன் இண்டைக்கும் உயிரோட இருக்கிறான்."