ஒன்பதாவது ஓட்டு

நாடாளுமன்றத்தில் அந்தக் கட்சிக்கு ஒன்பது எம்.பி.க்கள். நாளை வரும் சுரங்க மசோதாவை ஆதரிக்கச் சொல்லித் தலைமை உத்தரவிட்டிருந்தது. எட்டுப் பேர் தலையாட்டிவிட்டார்கள். பிலோமினாவின் கணவர் பங்கிராஸ் மட்டும், "எம் மக்க நெலத்தத் தோண்ட நான் கைதூக்க மாட்டேன்" என்று ஆவூர்க் கூட்டத்தில் மைக்கிலேயே சொல்லிவிட்டார்.

அவர் திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பிய ஒரு மணி நேரத்தில், மாவட்டச் செயலாளர் சிங்காரவேலு ஒரு போட்டோகிராபரோடு வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. வேட்பாளர் விருப்ப மனு."

பிலோமினாவுக்கு நிம்மதியாக இருந்தது. கட்சிக்குக் கோபம் தணிந்துவிட்டது, தனக்கே ஏதோ பதவி தருகிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"கவுன்சிலர் எலெக்‌ஷனுக்காண்ணே?"

"இல்லங்க, எம்.பி. எலெக்‌ஷன். நம்ம தொகுதிக்குத்தான்."

"அதுக்குத்தான் அவுக இருக்காகளே!" அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எதுத்து ஓட்டுப் போட்டா பதவியப் பறிச்சிருவீங்களா?"

"பறிச்சா அனுதாப ஓட்டு எப்படி விழும் தங்கச்சி?"

கணவரை ஏற்றிப்போனது கட்சி அனுப்பிய கார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. செல்போனை எடுத்து அவர் நம்பரை அழுத்தினாள். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. மறுபடி அழுத்தினாள். அதே குரல்தான்.

சிங்காரவேலு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, போட்டோகிராபருக்குக் கண்ணைக் காட்டினார்.

"அக்கா, இங்கிட்டுப் பாருங்க," என்றான் அவன். "தலையில இருக்குற பூவ மட்டும் எடுத்துருங்க."