ஐந்தாவது கையொப்பம்

ஊரின் வீட்டுரிமைப் பதிவுகள் அனைத்தும் ஒரே கோப்பாக அனுப்பப்பட்டிருந்தன. பொறுப்பாளர்கள் ஏழு பேரில் ஐவர் "கோப்பு என்னிடம் இருக்கிறது" என்று மின்கையொப்பம் இட்டால் போதும், யாராலும் திருத்த முடியாத பிளாக்செயின் பதிவேட்டில் தானாக இயங்கும் ஒப்பந்த நிரல் அதை ஏற்றுக்கொண்டு மூலப் பிரதியை அழித்துவிடும். கையொப்பங்களைச் சரிபார்க்க மட்டுமே நிரலுக்குத் தெரியும். நான்கு கையொப்பங்கள் விழுந்துவிட்டன. இன்னும் கையொப்பமிடாத பொறுப்பாளர் தாட்சாயணிக்குக் கோப்பு பாதிதான் வந்திருந்தது. நான்காவதாகப் போட்ட ஜெபராஜை அழைத்தாள்.

"உனக்கு முழுசா வந்துச்சா?"

"எனக்கு வரவே இல்லக்கா. மூணு பேர் போட்டிருந்தாங்களேன்னு நானும் போட்டேன்."

மற்ற மூவரும் ஒருவர் மாற்றி ஒருவரைக் காட்டினார்கள். முதலில் போட்டவர் சிரித்தார். "நீ இருக்கியேம்மா. உங்கிட்ட இல்லாமயா போயிரும்?"

தன்னைத் தவிர மிச்சமிருந்த இருவரையும் தடுக்க, தாட்சாயணி பொறுப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவசரமாக எழுதத் தொடங்கினாள். வாக்கியம் முடியவில்லை, ஐந்தாவது கையொப்பம் விழுந்தது. பின்னாலேயே, அந்த இருவரில் ஒருவனான ரபீக்கின் செய்தி வந்தது.

"நீங்க டைப் பண்றதப் பாத்தேன்க்கா. உங்களுக்கு வந்துருச்சுன்னு புரிஞ்சுது. போட்டுட்டேன்."

அனுப்பும் பொத்தானின் மேல் அவள் விரல் அப்படியே நின்றது.