துளிர்க்காத குச்சிகள்

கரை அரிக்காமலிருக்க ஓடையோரம் நட்ட குச்சிகளில், தையல்காரம்மா வீட்டுக்குப் பின்னால் உள்ளவை மட்டும் துளிர்க்கவில்லை. போன வெள்ளத்தில் தோட்டம் போயாயிற்று; அடுத்தது சமையலறைச் சுவர்தான். தையல்காரம்மா இடுப்பில் கைவைத்து, நட்டவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருக்கிறார். "ஊருக்கெல்லாம் உசுருள்ள குச்சி, எனக்கு மட்டும் அடுப்புச் சுள்ளியா?" "எல்லாம் ஒரே மரத்துல வெட்டினதும்மா." "யாருக்குக் காது குத்துறீங்க?" நட்டவர் தலையைச் சொறிந்தபடி வண்டல் சரிவில் இறங்குகிறார். துணி உலர்த்தும் சாக்கில் மாடியிலிருந்து நான் எட்டிப் பார்க்கிறேன். அவர் முதுகு திரும்பியதுதான் தாமதம், தையல்காரம்மா ஒரு குச்சியைப் பிடுங்கி, வேர் விட்டிருக்கிறதா என்று அடியைத் தடவிவிட்டு, மறுபடி செருகுகிறார். தினமும் காலையில் நடக்கிற சோதனைதான். விரலில் வெள்ளையாக, மெல்லிசாக ஏதோ ஒட்டியிருக்கிறது. தையல் நூல் என்று நினைத்தாரோ என்னவோ, உதறிவிட்டு அடுத்த குச்சிக்குக் குனிகிறார்.