பேரில்லா டீச்சர்

பலகையில் எழுதியிருந்த தன் பெயர் மூன்றாம் நாளும் அழிந்திருப்பதைப் பார்த்ததும் மெர்லீனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“யார் செஞ்ச வேலை இது?”

கூடத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். டெஸ்மண்ட் மட்டும் கையிலிருந்த ஈரத்துணியை ஒளிக்கக்கூட இல்லை.

“நான்தான் தங்கச்சி. பலகை பூரா உனக்குத்தானே, வேற எதையாவது எழுதிக்கோ.”

நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் செம்மண் புழுதியைக் குடித்துக்கொண்டு இந்தப் பழங்குடி ஊருக்கு வந்தவளுக்கு எப்படி இருக்கும்? மெர்லீனும் பழங்குடிப் பெண்தான், சிட்னிக்காரி. அரசாங்கத்து வெல்ஃபேர்காரர்கள் பிள்ளையைக் குடும்பத்திடமிருந்து தூக்கிப் போக வந்தால் குடும்பம் என்ன செய்ய வேண்டும், சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்லித்தருவதுதான் அவள் வேலை. சொந்தச் சனத்துக்கு நல்லது செய்ய வந்த இடத்தில் இந்த மரியாதை!

முதல் நாள், வாசல் அறிவிப்பில் அவள் பெயர்மேல் மட்டும் கறுப்பு டேப். நேற்று, சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் காணோம். நண்டு சிண்டெல்லாம் அவளைக் கூப்பிடுவது ‘பேரில்லா’.

“பேரில்லா, டீ குடிக்கிறியா?”

“பேரில்லா, உன் வண்டி டயர்ல காத்து இல்ல!”

பல்லைக் கடித்துக்கொண்டாள். “மேக்சீன் அக்கா எங்கே?”

“வெளியே, மரத்தடியில.”

மேக்சீனுக்காகத்தான் முக்கியமாக இந்த வகுப்பே. அவளுடைய தங்கை போன மாதம் இறந்துபோனாள். தங்கையின் எட்டு வயது மகள் தரிசா இப்போது மேக்சீனிடம் இருக்கிறாள். வியாழக்கிழமை கோர்ட்டு. ‘வகுப்புக்கு வந்தார், பொறுப்பானவர்’ என்று மெர்லீன் எழுதிக் கொடுத்தால் பிள்ளை இங்கேயே வளரும். இல்லையென்றால் டார்வினில் முன்பின் தெரியாத யார் வீட்டுக்கோ போக வேண்டியதுதான்.

மெர்லீன் விறுவிறுவென்று வெளியே போனாள். மேக்சீன் தரிசாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இழுக்காதே! வலிக்குது,” என்று தரிசா சிணுங்கினாள். அம்மாவின் அக்காவும் அங்கே அம்மாதான்.

“உள்ளே வாங்கக்கா. மூணு நாளா வெளியவே உட்கார்ந்திருந்தா, வகுப்புக்கு வந்ததா நான் எப்படி எழுதறது?”

“இங்கயே காது கேக்குது. வக்கீல் இல்லாம எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாது. புள்ளைய மொதல்ல சொந்தக்காரங்ககிட்டதான் கொடுக்கணும், அதான் சட்டம். சரியா?”

“சரிதான். உள்ளே வந்து சொன்னா என்ன?”

“நீ திரும்பத் திரும்பப் பேர எழுதுற. நான் வரல.”

“என் பேர் உங்களை என்னக்கா பண்ணுச்சு?”

மேக்சீனின் கண் கலங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதற்குமேல் என்ன பேசுவது? மெர்லீன் உள்ளே வந்து தரிசாவுக்கான கோர்ட்டுப் படிவத்தை எடுத்தாள். ‘தாயின் பெயர்’ என்ற இடம் காலி. அதில் அவளுக்கு வருத்தமில்லை. செத்தவர்கள் பெயரை இந்தப் பக்கம் வாயால் சொல்ல மாட்டார்கள், எழுதவும் மாட்டார்கள். அதைப் பற்றி அதிகாரிகளுக்கே வகுப்பெடுத்தவள் அவள். “நீங்க யாரும் சொல்ல வேண்டாம், நான் பிறப்புச் சான்றிதழ்ல பார்த்துக்கறேன்” என்று முதல் நாளே பெருமையாகச் சொல்லியிருந்தாள். அவள் காட்டிய மதிப்பில் பாதியாவது இவர்கள் அவளுக்குக் காட்ட வேண்டாமா!

எழுத ஆரம்பித்தாள். ‘குடும்பத்தார் ஒத்துழைக்கவில்லை. பயிற்சியாளரை அவமதிக்கிறார்கள்.’

“என்னத்த எழுதுற, பேரில்லா?” என்றான் டெஸ்மண்ட். அவன் மேக்சீனின் அண்ணன்.

“உங்க லட்சணத்தைத்தான்! என் பேர்மேல என்ன கோபம்? காரணத்தை வாயைத் திறந்து சொல்ல ஒருத்தராலயும் முடியாதா?”

“முடியாது தங்கச்சி.”

“அதான் ஏன்?”

“முடியாதுன்னா முடியாதுதான்.”

‘தலையெழுத்து!’ என்று அவள் நெற்றியில் அடித்துக்கொண்டபோது போன் சிணுங்கியது. ஆபீசிலிருந்து தரிசாவின் பிறப்புச் சான்றிதழ். பேனாவும் கையுமாக அதைத் திறந்தாள்.

தாயின் பெயர்: மெர்லீன்.

எழுதிய தாளை நாலாகக் கிழித்தாள். புதுத் தாள் எடுத்து, ‘மேக்சீன் மூன்று நாளும் வகுப்புக்கு வந்தார். பிள்ளை அவரிடமே வளர வேண்டும்’ என்று எழுதி முடித்தாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?”

“அந்த ஒரு வார்த்தையத்தானே தங்கச்சி சொல்லக் கூடாது!”