உணவு விசாரணை

தம்பதிகளின் போன் பேச்சைக் கேட்டு விசா தரும் இயந்திரம், கனடாவிலிருக்கும் கணவனைப் பார்க்கப் பூங்கோதைக்கு மறுபடியும் அனுமதி மறுத்தது.

"உங்கள் பேச்சில் காதல் இல்லை."

"தெனமும் மூணு வேளையும் சாப்டீங்களான்னு கேட்டிருக்கேனே!"

"அது உணவு விசாரணை."

அன்றிலிருந்து இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு போனில் 'அன்பே', 'உயிரே' என்று கொஞ்சினார்கள். வேறெதுவும் பேசவில்லை. ஆறு மாதம் கழித்து இயந்திரம் சொன்னது: "இது நடிப்பு. விசா கிடையாது."

வீட்டுக்கு வந்ததும் போன் அடித்தது.

"அன்பே..." என்று ஆரம்பித்தான் கணவன் இளஞ்செழியன்.

"நிறுத்துங்க! அந்தச் சனியன் இன்னிக்கும் இல்லன்னுடுச்சு. நீங்க சாப்டீங்களா, இல்லையா?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"இன்னிக்குத்தான்டி நீ பேசுற," என்றான்.