பிந்தியவளின் நிரை
ஏலப்பாறைச் சரிவில் மூடுபனி விலகி, தேயிலைச் செடிகள்மேல் மதிய வெயில் விழுகிறது. காய்ச்சலோடு வேலைக்கு வந்த சந்தனத்துக்குத் தன் பங்குச் செடிவரிசையான நிரையில் பாதிகூட முடியவில்லை. முந்தி முடித்தவள் பிந்தியவளின் நிரையில் எதிர்முனையிலிருந்து கொழுந்து கிள்ளிக்கொண்டு வருவது இங்கே வழக்கம். ஞானஸ்நானம் வாங்கிய ஆனந்திக்கு மட்டும் ஆறு மாதமாக யாரும் அப்படிக் கை கொடுப்பதில்லை. சிலுவையைக் கழற்றும்வரை கொடுக்கக் கூடாதென்று லயத்து வீடுகளிலெல்லாம் சொல்லிவைத்தவள் ஆனந்தியின் அண்ணன் மனைவி சந்தனமேதான். இப்போது சந்தனத்தின் எதிர்முனையில் செடிகள் அசைகின்றன. குனிந்த கழுத்தில் கறுப்புக் கயிற்றுச் சிலுவை ஆட, ஆனந்தி கிள்ளிக்கொண்டே வருகிறாள். கடைசிச் செடியருகே வந்து மடிக்கொழுந்தைச் சந்தனத்தின் சாக்கில் கொட்டுகிறாள். சந்தனம் கைவிட்டு அளைந்து பார்க்கிறாள். எடை போடும்போது கழித்துவிட ஒரு முற்றல் இலைகூட இல்லை.

"ஒனக்கு யாரும் கை கொடுக்கக் கூடாதுன்னு சொன்னதே நாந்தான்டி."

"தெரியும் மதினி."

"இப்படிச் செய்யச் சொன்னதும் ஒங்க ஆண்டவர்தானா?"

"ஆமா மதினி," என்கிறாள் ஆனந்தி, கடைசிச் செடியில் கை வைத்தபடி. "அவர் சொன்னதுலயே இதுதான் ரொம்பக் கஷ்டமா இருக்கு."